பாப்பா விரியும் நேரம்

"மோவாயை இதுல வைங்க, நெத்தியை முன்னால ஒட்டுங்க," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா கருவியின் விளக்கைத் திருப்பியபோது அவன், "ஓகே மேடம், இப்படியா?" என்று கேட்டான். அந்தக் குரல். கடைசி எழுத்தை மேலே தூக்கிக் கொஞ்சுகிற அந்தப் பழக்கம். மூன்று வருஷமாக வீடியோக்களில் அவள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்ட குரல், சாதாரண வேகத்தில் கேட்டால் வயிறு எரியும் என்பதால். மேஜை மேலிருந்த ஓ.பி. சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஹரிகேசவன், இருபத்தொன்பது, சென்னை. இன்று காலையிலிருந்து வலது கண்ணில் மின்னல் வெட்டுகிறது, கொசு பறப்பது போலத் தெரிகிறது. ஹரிகேசவன் இல்லை, ஹரி-சான். சேனலைப் பின்தொடர்கிற நாலே முக்கால் லட்சம் பேருக்கு ஹரி-சான். ஜப்பானில் எவனும் தன் பெயருக்குப் பின்னால் தானே சான் போட்டுக்கொள்ள மாட்டான், அது அடுத்தவருக்குக் கொடுக்கிற மரியாதை. நம்மூரில் ஒருத்தன் போனை எடுத்து, ஹரி அவர்கள் பேசுகிறேன் என்று தன்னையே சொல்லிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. இதையும் அவள் ஒருமுறை எழுதியிருந்தாள். அவள் எழுதியதில் அவன் எடுக்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

அவனுக்கு அவளைத் தெரியாது. எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்தது 'கீழ்வரி' என்ற வலைப்பூவை. படத்தின் அடியில் ஓடுகிற வசனத்தைப் படித்துப் படித்தே ஜப்பான் மொழி பாதி கற்றுக்கொண்டவள் தன் எழுத்துக்கு வைத்த பெயர் அது. போட்டோ கிடையாது, ஊர் கிடையாது, திருச்சி தில்லைநகரில் ஒரு கண் மருத்துவமனையின் முதல் மாடியில் இருட்டு அறைக்குள் உட்கார்ந்து நாளைக்கு நாற்பது பேருக்குப் பவர் பார்க்கிறவள் என்று எங்கேயும் எழுதியதில்லை. பதினொரு வருஷம் எழுதினாள். அந்த நாட்டுக் கார்ட்டூன் தொடர்களில் முகத்தை நாலு கோட்டில் முடித்துவிட்டு, சோற்றிலிருந்து எழுகிற ஆவியை ஏன் அவ்வளவு பொறுமையாக வரைகிறார்கள் என்று. பாட்டுக் குழுப் பெண்கள் யாரையாவது காதலித்துவிட்டால் கேமரா முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்க வைக்கிற ரசிகனை ரசிகன் என்று சொல்லக் கூடாது, அவன் வார்டன் என்று. பொத்தானே இல்லாத பாட்டுக் கேட்கும் கருவிகளை ஏன் வெறுக்கிறாள் என்று. பெட்டி பிரிக்காத பொம்மைகளை அலமாரியில் அடுக்குகிறவர்கள் கல்யாணப் புடவையை நெகிழி உறையிலேயே வைத்துப் பூட்டுகிற ரகம் என்று. முந்நூறு பேர் படித்தார்கள். அதில் ஒருத்தன் 'ஹரி_07'. ஒவ்வொரு பதிவுக்கும் முதல் ஆளாக வருவான். அக்கா, உங்க எழுத்துதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு தடவை எழுதினான். அக்கா, ஒண்ணே ஒண்ணை வீடியோவுல படிச்சுக்கட்டுமா, உங்க பேரைச் சொல்லித்தான் படிப்பேன் என்று பிறகு கேட்டான். சரி என்றாள். பல்லைக் காட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ ஆறுவது தெரியாமல், சரி தம்பி என்று டைப் செய்தாள்.

"மேல பாருங்க. இப்பக் கீழ. வலது பக்கம்." விளக்கின் மெல்லிய கோடு அவன் கருவிழியின் மேல் ஊர்ந்தது. பழுப்புக் கண். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாருடைய கண்ணும் அழகுதான், அதுதான் இந்த வேலையில் பெரிய தொல்லை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதானே வரிக்கு வரி பார்த்துப் படித்தான். அவள் பேரைச் சொல்லவில்லை. முதல் வீடியோவில் மறந்துவிட்டான் என்று நினைத்தாள். இரண்டாவதில் கீழே போட்டிருப்பானோ என்று தேடினாள். ஐந்தாவது வந்தபோது, தம்பி, இது என்னோடது இல்லையா என்று பின்னூட்டத்தில் பணிவாகக் கேட்டாள். பணிவாக! அதை நினைத்தால்தான் இப்போதும் காது சூடாகிறது. ஒரு மணி நேரத்தில் அந்தப் பின்னூட்டம் இல்லை, மறுநாள் அவளுக்கு அந்த சேனலில் எழுதவே வழியில்லை. பிறகு அவன் ரசிகர்கள் கீழ்வரிக்கு வந்தார்கள். ஹரி-சான் வீடியோவைப் பார்த்து எழுதித் தள்றீங்களே ஆன்ட்டி, வெக்கமா இல்ல? இரண்டு நாளில் அறுபது பேர். பழைய பதிவுகளின் தேதியைப் பாருங்கள் என்று அவள் பதில் எழுத, தேதியை எல்லாம் மாத்திக்கலாம் ஆன்ட்டி என்று ஒருத்தி சிரித்தாள். ஆன்ட்டி. அந்த வார்த்தையின் கீழே முந்நூறு விருப்பக்குறி. அதன் பிறகு எட்டு மாதம் அவள் எதுவுமே எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் தன் வாக்கியம் தனக்கே அவன் குரலில் கேட்டது, கடைசி எழுத்தை மேலே தூக்கிக்கொண்டு. இதை எந்தப் போலீஸில் போய்ச் சொல்வது?

"பயப்படற மாதிரி ஏதாவதா மேடம்?" என்றான். "காலையில கார்ல வர்றப்ப பளிச் பளிச்னு. எனக்கு கண்ணுதான் பொழப்பே." பொழப்பு. உன் பொழப்பு கண் இல்லை, காப்பி அடிக்கிற கை. இதை அவள் சொல்லவில்லை. "கண்ணுக்குள்ள பின்னாடி திரை இருக்கில்ல, அதைப் பார்க்கணும். அதுக்குக் கண் பாப்பா விரியற மருந்து போடணும்," என்றாள். வாய் பழக்கத்தில் சொன்னது, தினம் நாற்பது தடவை சொல்வது. ஆனால் சொல்லி முடித்த இடத்தில் மனசு ஏதோ ஒன்றில் இடறி நின்றது. "போட்டா அஞ்சு மணி நேரம் கிட்டத்துல இருக்கறது தெரியாது. போன் பார்க்க முடியாது." அவன் முகத்தைக் கருவியிலிருந்து எடுத்தான். "அய்யய்யோ. ஆறு மணிக்கு எனக்குப் புரோகிராம் மேடம், கன்டோன்மென்ட் ஹோட்டல்ல. ஜப்பான் விழா. ஆயிரம் பேர் வர்றாங்க. நான்தான் மெயின் ஸ்பீச். நாளைக்குப் போட்டுக்கலாமா?"

நாளைக்குப் போட்டுக்கலாமா. கடிகாரத்தில் மூன்று ஐந்து. டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார், நாலு மணிக்குத்தான் வருவார். புதிதாக மின்னல் வெட்டினால் அன்றைக்கே மருந்து போட்டுத் திரையைப் பார்க்க வேண்டும் என்பது விதி, சுவரில் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். திரை கிழிந்திருந்தால் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது. ஆக மருந்து போடுவது கடமை. இதில் பழி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஆனால் விதியைச் சொல்லும்போது அவளுக்குள் ஏன் இப்படித் தித்தித்தது? இரண்டு கண்ணிலும் போடுவதுதான் வழக்கம் என்றாலும் போன மாதம் பரீட்சைக்குப் போகிற பெண் ஒருத்தி அழுதபோது கோளாறு உள்ள கண்ணில் மட்டும் போட்டு மற்றதை மறுநாளைக்கு விட்டாள், டாக்டரும் சரி என்றார். இவனுக்கும் வலது கண்ணில்தான் கோளாறு. இடது கண்ணை விட்டுவிட்டால் அதை வைத்துப் படித்துக்கொள்வான். படிப்பான். ஆயிரம் பேர் முன்னால் அவளுடையதைப் படிப்பான். "ரெண்டு கண்ணுலயும் போடணும்," என்றாள் ஜெசிந்தா. "கண்ணு விஷயம். புரோகிராம் எப்ப வேணா பண்ணிக்கலாம்." அண்ணாந்தவனின் கீழிமையை விரலால் இழுத்து ஒரு சொட்டு. அடுத்த கண்ணிலும் ஒரு சொட்டு. எரிச்சலில் அவன் பல்லைக் கடித்து ஸ்ஸ் என்றான். எரியட்டும். இவ்வளவு நாளில் யாருக்குச் சொட்டு விட்டபோதும் அவள் அப்படி நினைத்ததில்லை. நினைத்துவிட்டதில் ஒரு பயம் வந்தது, கூடவே, பயத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஒரு சொட்டு விட்டால் என்ன என்றது ஏதோ ஒன்று.

இருபது நிமிஷம் கண்ணை மூடி உட்காரச் சொன்னாள். வெளியே கூட்டமில்லை, மதிய நேரம், ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவன் உட்காரவில்லை. கண்ணைத் திறந்து போனை எடுத்து மூக்கிடம் கொண்டுபோனான், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தான், இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கினான். திரையில் மூன்றே எழுத்து நிற்கும் அளவுக்குப் பெரிதாக்கினான். இப்படிப் படித்தால் ஒரு பக்கம் முடிய தீபாவளி வந்துவிடும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் போன் இந்த வருஷம் வந்த மாடல், மடக்குகிற ரகம், அதைப் பற்றியும் அவள் எழுதியிருந்தாள்: மடக்குகிற போனில் நடுவே ஒரு மடிப்புத் தழும்பு விரலுக்குத் தட்டுப்படும், கொஞ்ச நாளில் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருக்கும் என்று. கடையில் ஒரு விற்பனைப் பையன் முறைக்க முறைக்க அரைமணி நேரம் தடவிப் பார்த்து எழுதியது. வாங்கும் வசதி அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை. இவன் வாங்கி, கேமரா முன்னால் தடவி, விரலுக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருக்கும் மக்களே என்றான். அப்போது ஒரு நொடி அவன் விரலைப் பார்த்தாள், அது மடிப்பின் மேலேயே இல்லை, ஒரு அங்குலம் தள்ளி இருந்தது. அதற்குத்தான் அவனைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. திருடியதற்குக்கூட இல்லை. தொட்டுப் பார்க்காமல் சொன்னதற்கு.

அவள் முழங்காலுக்கு நேரே இருந்த இழுப்பறையில் சோதனை லென்ஸ் பெட்டி. அதில் இரண்டரை பிளஸ் ஜோடியை எடுத்து இரும்புச் சட்டத்தில் மாட்டி அவன் மூக்கில் வைத்தால் போதும், இப்போதே எல்லாம் தெளிவாகப் படிக்கலாம். சாயங்காலத்துக்குக் கொடுத்தும் அனுப்பலாம், வக்கீல்களுக்கும் வாத்தியார்களுக்கும் அனுப்பியிருக்கிறாள். முழங்காலால் இழுப்பறையை அழுத்திக்கொண்டாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. மேடையில் அவன் தடுமாறுவதைக் கற்பனை செய்தாள். ஆயிரம் பேர். கலர் விக் வைத்த பிள்ளைகள், அட்டையில் செய்த வாளைப் பிடித்துக்கொண்டு. இவன் போனை உயர்த்துகிறான், தாழ்த்துகிறான், சொல்ல ஒன்றுமில்லை, ம்ம் என்கிறான். எவனோ ஊளையிடுகிறான். அது போதுமா? போதாது. அறுபது பேரும் அங்கே இருக்க வேண்டும், அந்தச் சிரித்தவளும். அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். ஆறு மணிக்கு அவளுக்கு ஷிப்ட் முடிந்துவிடும், ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம். கடைசி வரிசையில் நின்று பார்க்கலாம். என்ன உடுத்தியிருக்கிறாள் என்று குனிந்து பார்த்துக்கொண்டாள். பச்சைக் காட்டன். பரவாயில்லை.

"மேடம், ஒரு ஹெல்ப் பண்ணுவீங்களா?" அவன் அவள் இருக்கும் திசையைப் பார்த்து, கொஞ்சம் தப்பான இடத்தில் சிரித்தான். பாப்பா பாதி விரிந்திருந்தது. "என் ஸ்பீச் இதுல இருக்கு. ஒரு தடவை படிச்சுக் காட்டினீங்கன்னா மனப்பாடம் பண்ணிக்குவேன். போனே படிக்கும், ஆனா தமிழை அது கொன்னுடும்."

கொடு என்று கை நீண்டதா, அவன் வைத்தானா, போன் அவள் உள்ளங்கையில் சூடாக இருந்தது. அவள் படிக்க ஆரம்பித்தாள். ஒரு தொடரைப் பற்றியது. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களைக் காக்கும் பெண்ணின் கதை. ஒரு குடையை யாரும் கேட்டு வராத நாளில் அவள் அதை விரித்துப் பார்க்கிறாள், பத்து விநாடி வசனம் இல்லை, சில்வண்டுச் சத்தம் மட்டும். "நம்ம ஊர் டப்பிங்கில் அந்தப் பத்து விநாடியில் ஒரு ஜோக்கைச் செருகியிருப்பார்கள். மௌனத்தைக் கண்டால் நமக்கு வீட்டில் கரண்ட் போன மாதிரி." அவள் வாக்கியம். அவள் குரலில். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை அது அவள் குரலிலேயே கேட்டது, கடைசி எழுத்து கீழே, வைத்த இடத்தில் இருந்தது. ஆனால் இது எப்படி இவனிடம்? இந்தப் பதிவைப் போட்ட இரண்டாம் நாளே அவள் அழித்துவிட்டாள். நாக்கு நிற்காமல் அடுத்த வரிக்குப் போனது. "என் நாய்க்குட்டி டாரோ செத்துப்போன வாரம், இந்தக் காட்சியை நான் பதினோரு முறை பார்த்தேன்."

ஏசி உறுமியது. ஜெசிந்தா அந்த வரியை இன்னொரு தடவை மனசுக்குள் படித்தாள்.

"நாய் இல்லை," என்றாள்.

"என்ன மேடம்?"

"நாய்க்குட்டி இல்லை." போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். மிச்சத்தைப் பார்க்காமலே சொன்னாள், இருட்டைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல் மாறாமல். "ஐந்து மாதத்தில் என் வயிற்றிலிருந்தது போய்விட்ட வாரம், இந்தக் காட்சியை நான் பதினோரு முறை பார்த்தேன். யாரும் கேட்டு வராத ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, பழையபடி மடித்து வைப்பது எப்படி என்று அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை."

அவன் எழுந்தான். எழுந்தவன் நாற்காலியின் கையைத் தேடிப் பிடித்து மறுபடி உட்கார்ந்தான். கறுத்து அகன்ற இரண்டு பாப்பாவும் அவள் முகம் இருக்கும் இடத்தில் நின்றன. எதையும் பிடிக்க முடியாமல் தவித்தன.

"அக்கா," என்றான். "கீழ்வரி அக்கா."

"ஆன்ட்டின்னு சொல்லு. உன் ஆளுங்க அப்படித்தான் சொல்வாங்க."

"அக்கா, நான் சத்தியமா... இன்னிக்கு மேடையில உங்க பேரைச் சொல்லிடறேன். ஸ்கிரீன்லயே போடச் சொல்றேன். இனிமே எல்லா வீடியோவுலயும்..."

"என் பேரு உன் வாயில வேணாம்." அவள் குரல் கூடத்துக்குக் கேட்டிருக்கும், கவலைப்படவில்லை. எத்தனை மதியங்களில் இந்தப் பேச்சை ஒத்திகை பார்த்திருக்கிறாள், பாத்திரம் துலக்கிக்கொண்டு, பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஒத்திகையில் இருந்த நல்ல வசனம் ஒன்றுகூட இப்போது வரவில்லை. வந்தது வேறு. "அந்தக் குடையோட கலர் என்ன?"

"அக்கா?"

"ஆயிரம் பேருக்கு முன்னால பேசப் போறியே. பதினோரு தடவை பார்த்தேன்னு சொல்லப் போறியே. அந்தப் பொண்ணு விரிக்கற குடை என்ன கலர்? நான் எழுதல, அதனால உனக்குத் தெரியல. சரி, அதை விடு. உனக்கு எது பிடிக்கும்? நான் எழுதாததா ஒண்ணு சொல்லு. ஒரு தொடர், ஒரு பாட்டு, ஒரு ஹெட்போன், ஒரு பொம்மை. ஒண்ணே ஒண்ணு. உனக்கா பிடிச்சது."

அவன் வாயைத் திறந்தான். கேமரா முன்னால் ஒரு விநாடிகூட ஓயாத வாய். அவள் காத்திருந்தாள். மூன்று வருஷம் காத்திருந்தவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. அவன் நெற்றியில் ஏசிக்கு நடுவே வேர்த்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவளுக்குள் ஒன்று கைகொட்டியது. அவன் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது, மருந்தா வேறா என்று அவளால் சொல்ல முடியவில்லை, சொல்ல விரும்பவும் இல்லை.

"நான் எதையும் பார்த்ததில்லக்கா," என்றான்.

"எதை?"

"இதெல்லாம். ரெண்டு மூணு தடவை ட்ரை பண்ணேன். பத்து நிமிஷத்துல தூக்கம் வந்துரும். கேம் ஆடினா தலை சுத்தும்." மூக்கைத் துடைத்தான். "காலேஜ்ல ஒரு பிரெண்டு லிங்க் அனுப்பினான், உங்களது. சோத்து ஆவி பத்தி எழுதினது. அதைப் படிச்சிட்டுப் போய்ப் பார்த்தேன், நீங்க சொன்னது ஒண்ணுமே அதுல இல்லக்கா. எழுத்துல இருந்தது படத்துல இல்ல. அப்புறம் நான் படத்தைத் தேடவே இல்ல. உங்களை மட்டும்தான் படிச்சேன். அழிச்சதைக்கூட அன்னிக்கே எடுத்து வச்சிருந்தேன். எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான். அதைச் சொன்னா யாரும் பார்க்க மாட்டாங்க, அதனால..."

"அதனால நாய்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இதைப் போய் ஆறு மணிக்கு மேடையில சொல்லு," என்றாள் ஜெசிந்தா. "இப்பச் சொன்னியே, இதே மாதிரி. படிக்க ஒண்ணும் தேவையில்ல."

"சொன்னா என்னை முடிச்சிருவாங்கக்கா."

"தெரியும்."

டாக்டர் வந்துவிட்டார் என்று சிஸ்டர் பர்வீன் கதவைத் தட்டினாள். ஜெசிந்தா இன்னொரு சொட்டு விட வேண்டியிருந்தது, விட்டாள். இந்தத் தடவை குறி தவறி ஒரு சொட்டு அவன் கன்னத்தில் விழுந்தது, பஞ்சால் துடைத்தாள், எல்லாருக்கும் துடைப்பது போல. பர்வீன் அவன் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, "திரை நல்லா இருக்காம், ஒண்ணுமில்லையாம். ஆளு ஏன் இப்படி அழுவுறாரு?" என்றாள். "மருந்து எரியும்," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா அடுத்த சீட்டை எடுத்தாள். மேடையில் சொல்வானா? சொல்ல மாட்டான். கண் தெரியவில்லை, உடம்பு சரியில்லை என்று காரில் ஏறிச் சென்னைக்குப் போய்விடுவான். ஒருவேளை சொன்னாலும் சொல்வான். எதுவானாலும் ஆறு மணிக்கு ஆட்டோ பிடித்துப் போய் நின்று பார்ப்பாள், அதில் மாற்றமில்லை. சீட்டில் இருந்த பெயரை மூன்று தடவை படித்தும் அவளுக்குள் ஏறவில்லை. எழுத்துல இருந்தது படத்துல இல்ல. பதினொரு வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, கட்டிக்கொண்டவன் உட்பட. அதைக் கேட்ட அந்த நொடியில், கோபத்தின் நட்டநடுவில், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. உடம்பெல்லாம் பரவிய, வெட்கங்கெட்ட, முழுச் சந்தோஷம். திருடியதைக்கூட என்றைக்காவது ஒருநாள் விட்டுவிடலாம். இந்தச் சந்தோஷத்துக்காக மட்டும் அவனை அவள் மன்னிக்கப் போவதில்லை.